முந்நூறு பேரும் சாப்பிட்டாச்சு

“இது ஊட்டுல உக்காந்து நிரப்புன டேட்டா, அம்மிணி. என்னை ஏமாத்த முடியாது.”

தீனதயாளன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எதிரே நின்ற ஆராய்ச்சி மாணவி சத்யபிரியாவுக்கு முகம் செத்துப்போனது.

பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் உதவி மையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். சுகாதார ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுப்பதிலிருந்து, சேகரித்த கணக்கை அலசி முடிவு சொல்வதுவரை எல்லாம் அவர் கைதான். பொய்க் கணக்கை மோப்பம் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு வேறு. அந்த மோப்பத்தை வீட்டிலும் காட்டி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் தனிக்கதை.

“இளம்பிள்ளையில தறி ஓட்டற பொம்பளைங்க முந்நூறு பேரு. ரத்தத்தைச் சோதிச்சா பாதிப் பேருக்கு மேல சோகை. ஆனா, காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டா முந்நூறு பேரும் சாப்பிட்டாச்சாம். எங்க ஊட்டுல இருக்கறதே மூணு பேரு. மூணு பேரும் ஒழுங்கா காலைச் சாப்பாடு சாப்பிட்ட நாள் கெடையாது.”

“அவங்க சொன்னதைத்தானுங்க சார் போட்டேன்.”

“உன்ற கைடுகிட்டச் சொல்லிடறேன். அப்புறம் பட்டத்தை மறந்துட வேண்டியதுதான்.”

சத்யபிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. “நீங்களே வந்து கேட்டுப் பாருங்க சார்.”

“வாரேன். நாளைக்கே வாரேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் இளம்பிள்ளையில் போய் இறங்கினார். தெரு முழுக்க விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. சத்யபிரியா அவரைப் பொன்னாயி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பொன்னாயி தறிக்குக் கிளம்பி, வாசலில் நின்று கொண்டை முடிந்துகொண்டிருந்தாள்.

“நீ பேசாம இரு. நான் கேக்கறேன்” என்று சத்யபிரியாவை அடக்கிவிட்டு, அவரே கத்தினார். “ஏனுங்கம்மா, காலையில சாப்டீங்களா?”

“ஆச்சுங்க.”

யோசிக்கக்கூட இல்லை. தீனதயாளனின் நம்பிக்கை லேசாக ஆட்டம் கண்டது. பக்கத்து வீட்டில் கேட்டார், எதிர்வீட்டில் கேட்டார். எல்லா இடத்திலும் அதே ஆச்சுங்கதான். மறுபடியும் பொன்னாயி வாசலுக்கே திரும்பினார்.

“நீங்க சாப்டீங்களா சாமி?” என்றாள் பொன்னாயி.

“ஆச்சுங்க.”

“என்ன டிபனுங்க?”

“இட்லிங்க.”

“சட்னிங்களா, சாம்பாருங்களா?”

“ரெண்டுந்தானுங்க. வயிறு ரொம்பிக் கெடக்குது.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகளெல்லாம் ஒட்டுமொத்தமாக நின்றுவிட்டன. ஊசி விழுந்தாலும் கேட்கும் போலிருந்த அந்த அமைதியில் தீனதயாளனின் வயிறு நீட்டி முழக்கி ஒரு சத்தம் போட்டது.

மூன்று பேருக்குமே கேட்டது. முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மனுஷன் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் வந்திருந்தார். இட்லியும் பொய், சட்னியும் பொய், சாம்பாரும் பொய்.

சத்யபிரியா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பொன்னாயி உள்ளே போய்க் கம்மங்கூழைக் கரைத்து மூன்று டம்ளரில் கொண்டுவந்தாள். “மொதல்ல குடிங்க. எதுக்குங்க சாமி பொய் சொன்னீங்க?”

“சாப்பிடலைன்னு எப்பிடிங்க சொல்றது? வேலைக்குக் கெளம்பற நேரத்துல எனக்காக அடுப்பு மூட்டுவீங்க. அந்தச் சங்கடம் எதுக்குன்னுதான்…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. இந்த ஊரில் ‘சாப்டீங்களா’ என்று கேட்டால் எவராவது ‘இல்லை’ என்று பதில் சொல்வார்களா? அதைப் போய் ஆராய்ச்சிக் கேள்வியாக வைத்த அறிவாளி யார்? சாட்சாத் அவரேதான். இத்தனை படிப்பும் படித்து, இந்த லட்சணத்தில் மோப்பம் வேறு.

“அம்மிணி, உன்ற டேட்டாவுல தப்பில்ல. கேள்வியிலதான் தப்பு. அது நான் எழுதுனது. கைடுகிட்ட நானே பேசறேன்.”

சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. கூழ் என்னவோ அமிர்தமாக உள்ளே இறங்கியது.

சத்யபிரியாவுக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது. தன் டம்ளரை மடக்மடக்கென்று காலி செய்துவிட்டு, கைடுக்குப் போன் போட சிக்னல் தேடித் தெருக்கோடிக்கு ஓடினாள்.

மூன்றாவது டம்ளரைப் பொன்னாயி குடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் தீனதயாளன் பார்த்தார்.

“அப்ப நீங்களும் சாப்பிடலீங்களா? என்னையாட்டவே சங்கடப்பட்டுத்தான் எல்லாரும் ஆச்சுன்னு சொல்லியிருக்கீங்க.”

“எங்களுக்கென்னங்க சங்கடம்?” பொன்னாயி தெருக்கோடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கணக்கெடுக்கறதுக்கு முன்னால, சும்மா தெருவைப் பாக்க வந்தப்ப அந்தப் புள்ள கேட்டுச்சு. நானும் சாப்பிடலைன்னு உள்ளதைச் சொல்லிப்போட்டேன். தன்ற டிபன் டப்பாவைத் தூக்கி என்கிட்டக் குடுத்துப்போட்டு, பொழுதுக்கும் வெறும் வயித்தோட வெயில்ல அலைஞ்சுதுங்க சாமி. மனசு கேக்கல. அன்னைக்கே ஊடு ஊடா, பட்டறை பட்டறையாப் போய்ச் சொல்லிப்போட்டேன், அந்தப் புள்ள வந்து கேட்டா எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னே சொல்லோணும்னு.”