கடிகாரத்தில் போட்ட பேட்டரி

"மணி என்னன்னு கேட்டா நின்னுபோன கடிகாரத்தைக் காட்டுறியே, நல்ல குடும்பம்டி" என்று அன்று காலை என் கணவர் கலியமூர்த்தி சிரித்தார். எங்கள் கொல்லைக்கு அப்பால், பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் கிணறு இருக்கிறது. அதன் அருகில் உள்ள வீடுகளில், வாயு கசிந்தால் கத்தும் பெட்டி இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் அடுக்களையிலும் ஒன்றை மாட்டினார்கள். தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அது கத்தியது. மாட்டிய ஆளிடம் கேட்டதற்கு, "புதுசுல அப்படித்தான் கத்தும்க்கா" என்றான். ஒரு வாரம் பொறுத்தோம். அன்று நான்தான் அதன் பேட்டரியைக் கழற்றிக் கூடத்துக் கடிகாரத்தில் போட்டேன். "ரெண்டு தொல்லையும் ஒண்ணா தீந்துச்சு" என்றார் அவர். நான் துணி அலசக் கொல்லைக்குப் போனேன். அவர் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார்.

பதினாறாம் காரியம் முடிந்த மறுநாள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். கருகி வளைந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதுல பேட்டரியே இல்லையேம்மா. போடாமலே மாட்டிட்டுப் போயிட்டானுங்களா?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டார். படிவத்தில் நேரம் எழுதும் இடம் வந்ததும் தலை நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தார்.

"இது சரியா ஓடுதாம்மா?"

"ஓடுது சார்."

இன்றும் ஒரு நிமிடம் பிசகாமல் ஓடுகிறது.