வெள்ளகோவில் மாப்பிள்ளை கண்ணை மூடினார்

போர் விமானத்தைக் கண்ணால் பார்ப்பது குற்றம் என்று சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மேலே அது பறந்தால், வீட்டுக்குள் இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பயணிகள் விமானம் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். எந்த விமானம் என்று அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதே, அதனால் விமானப்படைத் தளம் இருக்கும் சூலூரில் நாங்கள் எல்லோரும் காதாலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

என்னைப் பெண் பார்க்க வந்த தனசேகர் வெள்ளகோவில்காரர். விமானச் சத்தத்துக்குப் பழகாத காது. நான் காபித் தட்டோடு வந்து நின்றபோது கோவையிலிருந்து கிளம்பிய மத்தியான விமானம் மேலே போனது. வெறும் பயணிகள் விமானம்தான். அவரும் அவருடைய பெற்றோரும் பதறிப்போய்க் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். விருந்தாளிகள் மூடியிருக்கும்போது நாம் விழித்திருப்பது மரியாதை இல்லை என்று என் அப்பாவும் அம்மாவும் மூடிக்கொண்டார்கள்.

இதற்கு முன் வந்த மூன்று மாப்பிள்ளைகளும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள். குனிந்த தலையோடு நின்ற நான் பார்த்ததெல்லாம் அவர்களுடைய கால் விரல்களைத்தான்.

தட்டை மேசையில் வைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். காதோர நரைக்குச் சாயம் பூசியிருந்தார். புதுச் சட்டையில் விலைச்சீட்டு தொங்கியது. பயந்த முகம், ஆனால் கெட்ட முகம் இல்லை.

சத்தம் தேய்ந்து அடங்கியது.

“போயிருச்சுங்களா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இல்லீங்க, பின்னாடியே இன்னொன்னு வருது,” என்றேன்.

நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.