சத்தம் போடும் டயர்

"எது ரொம்பச் சத்தம் போடுமோ, அதைக் காட்டுங்க தம்பி" என்றார் டாக்டரம்மா.

டயர் கடைக்காரர், டாக்டரம்மாவோடு வந்திருந்த மகனைப் பார்த்தார். சத்தமே வரக்கூடாது என்று கேட்பவர்களைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் போல என்று தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

"மேடம், இதைப் போட்டா சத்தமே வராது" என்று கடை அதிரக் கத்தினார்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குது. நீங்க மெதுவாவே பேசலாம்."

டாக்டரம்மா மாட்டு டாக்டர். ஆற்றோரப் பண்ணை, மேட்டுத் தோட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். டயர்கள் நான்கும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. கல்யாணமாகி மூன்று மாதமே ஆன மகனும் மருமகளும், நாங்களும் வருகிறோம் என்று கூடக் கிளம்பியிருந்தார்கள்.

"அம்மா, நீ ஓட்டுறதுல முக்கால்வாசி தார் ரோடு. தார் ரோடுக்கும் மண் ரோடுக்கும் பொதுவா ஒரு ரகம் இருக்குல்ல, அது போதும்" என்றான் மகன். "இப்ப இருக்குறதும் அதுதானே? வண்டி வர்றதே தெரியாது. போன வாரம்கூட நீ சமையல்கட்டு வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் எங்களுக்குத் தெரியல. இவ கையில இருந்த தட்டைப் போட்டு உடைச்சுட்டா."

மருமகள் சட்டென்று திரும்பி, அடுக்கி வைத்திருந்த ரிம்களை எண்ண ஆரம்பித்தாள்.

"நல்ல தட்டு அது" என்றார் டாக்டரம்மா.

அடுத்த சண்டை ரிம்முக்கு. மகன் பளபளவென்று மின்னிய அலாய் ரிம்மை உருட்டிக்கொண்டு வந்தான். கல்லில் இடித்தால் அலாய் விரிசல் விட்டுவிடும், இரும்பு என்றால் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"கலரை மட்டும் நீ சொல்லும்மா" என்றார் மருமகளிடம்.

"கறுப்பு நல்லா இருக்கும் அத்தை."

"அப்ப கறுப்புதான்."

மகனின் போன் அடித்தது. அவன் காற்றடிக்கும் மெஷின் பக்கம் ஒதுங்கி, அந்த இரைச்சலை நம்பிப் பேசினான். பாழாய்ப்போன மெஷின் அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது.

"ரெண்டு ரூம் போதும் சார். சாயங்காலம் வந்து வீட்டைப் பாக்குறோம்" என்று கடை முழுக்கக் கேட்டது.

டாக்டரம்மா ஒரு டயரின் பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் முன்பே தெரியும். ஆபீஸுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னாலும் ஆபீஸ் அதே இடத்தில்தான் இருந்தது.

இருவரும் போய்விட்டால், அந்தப் பெரிய வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. பகலெல்லாம் மாடுகளோடு பேசிவிட்டு வந்து, ராத்திரி சுவரோடு பேச வேண்டும். ஆனாலும் போகாதே என்று வாய்விட்டுக் கேட்கிற ரகம் இல்லை அவர்.

அப்போது எங்கிருந்தோ 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பி, மெல்ல மெல்லக் கடையை நெருங்கியது.

"கேக்குதா மேடம்? நம்ம கடையில மட் டயர் மாட்டின வண்டி. காத்து பாக்க வருது" என்றார் கடைக்காரர். "டயர் மேல பெரிய பெரிய கட்டையா இருக்கும் பாருங்க, சேத்துல சும்மா பிச்சுக்கிட்டுப் போகும். ரோட்டுலதான் இந்த ஊளை."

"இப்ப எங்க வருது அந்த வண்டி?"

"இன்னும் தெருமுனையே திரும்பல."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"அதேதான். நாலும் அதையே போடுங்க. ஸ்டெப்னிக்கும் சேர்த்து."

போனை வைத்துவிட்டு வந்த மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, டீசல் கூடக் குடிக்கும்."

"குடிக்கட்டும்."

"சீக்கிரம் தேயும்."

"தேயட்டும்."

"ஊரே திரும்பிப் பாக்கும்மா."

"பாக்கட்டுமே. மாட்டு டாக்டர் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கட்டும்."

அடம் என்றால் அப்படி ஓர் அடம். மகன் தோற்றுப்போய், "வா, நாம டீயாவது குடிச்சுட்டு வரலாம்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனான்.

ஜீப் ஜாக்கியில் ஏறியது. கடைக்காரர் நட்டுகளைக் கழற்றியபடியே டாக்டரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். கேட்காவிட்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல வேற யாருக்காவது காது கேக்காதா?"

"எல்லாருக்கும் நல்லாக் கேக்கும். அதை நம்பித்தான் வாங்குறேன்."

எதிர்க் கடையில் மகனும் மருமகளும் ஒரே கிளாஸ் டீயை மாறி மாறிக் குடித்தபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டு, கடைக்காரர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் வர்றது தெருமுனையிலேயே கேட்டுட்டா, அதுங்க எதுக்குத் தம்பி தனி வீடு தேடப் போகுதுங்க?"