சொடக்குக்குள் ஒரு சொல்

"ரெய்ன்."

அவன் சொடக்குப் போடுவதற்குள் பதில் வந்தாக வேண்டும்.

"லீவ்," என்றாள்.

போன் திரையில் அவன் முகத்தைச் சுளித்தான். ரெய்ன் என்றால் அம்ப்ரெல்லாவாம். லீவ் எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.

கும்பகோணத்தில் படித்த எவளைக் கேட்டாலும் மழைக்கு லீவுதான் முதலில் வரும். அவனும் பக்கத்து மாயவரத்துக்காரன்தான். லண்டனுக்குப் போனதில் மழை பெய்தால் பள்ளிக்கூடம் விடுவார்கள் என்பதே மறந்துபோயிருக்கும், பாவம்.

அவள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கவில்லை. கிளிப்புகளை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

நிச்சயம் ஆனதிலிருந்து சாயங்காலம் ஆனால் இந்த ஆட்டம்தான். அங்கே வந்தால் நாலு பேரோடு இங்கிலீஷில் பேச வேண்டாமா, வார்த்தை பழக வேண்டாமா என்று அவனாகவே ஆரம்பித்தது. அவன் ஒரு சொல்லை எடுத்துப் போடுவான். மனதில் முதலில் வருவதை அவள் சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது.

யோசிக்காமல் சொன்னால் தப்பு என்பான்.

"பவர்."

"மைனஸ்."

"மைனஸா? பவர்னா ஸ்ட்ரென்த். இல்லன்னா எனர்ஜி. சும்மா வாயில வர்றதச் சொல்லாத வசு."

வாயில் வருவதைச் சொல்வதுதானே ஆட்டம்? காலையிலிருந்து கண் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவர் மூக்கிலும் சோதனைக் கண்ணாடியை மாட்டி, இது தெரிகிறதா அது தெரிகிறதா என்று பவர் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அவள் பார்த்த பவரில் பாதிக்கு மேல் மைனஸ்தான்.

அதைச் சொல்லலாம்தான். ஆனால் அவள் வேலையைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கே வந்தபின் அதை என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்டதில்லை.

கெட்டவன் இல்லை. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவான். அம்மா அவனை எடுத்த எடுப்பிலேயே மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள்.

இவனோடு காலம் தள்ள முடியுமா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

படிக்கட்டில் அப்பாவின் குரல் கேட்டது.

"பத்திரிகை அடிக்கறவர் லைன்ல இருக்காரும்மா. எழுத்துப் பிழையெல்லாம் பாத்தாச்சு. அடிக்கச் சொல்லிடவா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆயிரம் பத்திரிகை அச்சாகிவிடும். அதற்கப்புறம் யார் போய் எதை நிறுத்துவது?

"இருங்கப்பா. இதோ வர்றேன்."

போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஒரு தடவை நான் கேக்கறேன். நீங்க சொல்லுங்க."

அவன் சிரித்தான். தாராளமாகக் கேள் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"டீ."

"பிஸ்கட்."

"ட்ரெய்ன்."

"டிலே."

அவன் சொன்னால் எதுவும் தப்பில்லை போலிருக்கிறது. அடுத்த சொல் தயாராக இருந்தது. வேண்டாம், கேட்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்காமல் கீழே இறங்கிப் போகவும் கால் வரவில்லை.

"வொய்ஃப்."

சொடக்கே தேவைப்படவில்லை.

"டிபெண்டன்ட்."

சொல்லிவிட்டு அவனே கையைத் தட்டிக்கொண்டான்.

"பாத்தியா, எவ்ளோ ஃபாஸ்ட்டா வந்துச்சு! இப்பதான் உன் விசா ஃபார்ம் பாத்துக்கிட்டிருந்தேன். டிபெண்டன்ட் விசா. அதான்."

அதான்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியாததில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த காப்பீட்டு அட்டையில் அவள் பெயருக்குக் கீழே, அவளைச் சார்ந்தவர்களாக, அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் இருக்கிறார்கள். போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது அந்த அட்டையில்தான்.

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தில் ஏதாவது பேசியிருப்பாள். வந்தது அழுகை. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அவன் எதையும் கவனிக்கவில்லை. சிக்னல் சரியில்லையோ என்று போனை ஆட்டிப் பார்த்தான்.

"சரி, இப்ப உன் டர்ன். அதே மாதிரி டக்குன்னு வரணும். ரெடியா?"

விரல்களைத் தூக்கிப் பிடித்தான்.

"ஹஸ்பண்ட்."

சொடக்கு விழுவதற்கு முன்பே மனதில் வந்துவிட்டது. தமிழில்தான் வந்தது. 'யாரு?' என்று.

அவளே திடுக்கிட்டுப் போனாள். பிறகு, ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி, அதை இங்கிலீஷில் சொன்னாள்.

"ஹூ."

"ஹூ இல்ல. ஹஸ்பண்ட். ஹஸ்... பண்ட். கேக்கலயா?"

கீழே அப்பா இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"கேட்டுச்சு," என்றாள்.