ஒட்டிக்கொண்ட ஐஸ்

பக்கவாதம் வந்ததிலிருந்து பெனடிக்டின் வலது கை மரத்துப்போய் மடியில் கிடந்தது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. அவர் மனைவி பிலோமினா தினமும் காலையில் இரண்டு ஐஸ் துண்டுகளை அந்த உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவாள்.

"அழுத்துங்க. அழுத்துற இடத்துல உருகும், விட்டதும் அந்தத் தண்ணி திரும்ப உறைஞ்சு ரெண்டும் ஒட்டிக்கும். ஐஸ் கம்பெனில வேலை பாத்தப்போ நீங்கதானே சொன்னீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துண்டுகள் நழுவி விழும். அவள் தரையைத் துடைத்துவிட்டுப் போவாள்.

இன்றைக்கும் வைத்தாள். வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனாள். திரும்பி வந்தபோது தரையில் எதுவும் விழுந்திருக்கவில்லை. பெனடிக்டின் நெற்றி வியர்த்திருந்தது. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே கோணல்மாணலாக ஒரே துண்டு இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பிரியவில்லை.

"ஒட்டிருச்சுங்க," என்றாள். துண்டை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் அதைப் பார்க்கவில்லை. சிவந்துபோன தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலோ," என்றார் குழறலாக, "குளிருது."