மந்தி கிழித்த கோடுகள்

மூடுபனி விலகாத ஓர் ஆற்றங்கரையில் விலங்குகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கரடி அங்கே தலைமை நர்ஸ். மந்தி அதோடு வேலை பார்த்தது.

படுத்தே கிடக்கும் நோயாளிகளுக்கு முதுகு சிவந்தால் கரடி எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கும். அப்படியும் பலருக்குப் புண் வந்தது. "இன்னும் நல்லா தேய்க்கணும்" என்று கரடி வருத்தப்படும்.

மந்திக்கு ஒரு சந்தேகம். "பத்து பேரைத் தேய்க்காம, திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கட்டுமா அக்கா?" என்று கேட்டது.

"செஞ்சு பாரு" என்றது கரடி.

நாரைக் கூட்டம் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் மந்தி அந்தப் பத்து பேரையும் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தது. வேறு பத்து பேரைக் கரடி வழக்கம்போல் தேய்த்தது. யாருக்காவது புண் வந்தால் மந்தி மரப்பட்டையில் நகத்தால் ஒரு கோடு கிழித்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் இருவரும் அந்த மரத்தடியில் நின்றார்கள். தேய்த்த பத்து பேரின் பக்கம் ஏழு கோடுகள் இருந்தன. திருப்பிப் படுக்க வைத்த பத்து பேரின் பக்கம் ஒன்றே ஒன்று.

கரடி அந்த ஏழு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தது. பனி அதன் கால்களைச் சுற்றி மெல்ல நகர்ந்தது.

"போன வருஷம் புண் வந்து செத்துப்போச்சே, அந்த மான்... அதுக்கு நான் தினமும் தேய்ச்சேன். பாசமாத்தான் தேய்ச்சேன்."

"தெரியும் அக்கா. நானும்தானே தேய்ச்சேன்."

உள்ளே காட்டெருமை முனகியது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அதன் தோளுக்கடியில் கையைக் கொடுத்தது.

"ரொம்ப கனமா இருக்கு. நீ இடுப்பைப் பிடி" என்றது.