பதின்மூன்று இலக்கம்

"இது ஆருடைய நம்பர்? எங்க களவெடுத்தனீங்கள்?"

டவுன் வாசிகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பூரணியின் புத்தகப் பின்னட்டையில் இருந்த ஐ.எஸ்.பி.என். நம்பரை அடித்துவிட்டு, நூலகர் பரமலிங்கம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

பூரணி எட்டிப் பார்த்தாள். திரையில் வேறொரு புத்தகத்தின் அட்டையில் ஒரு சேவல் நின்றது. 'கோழி வளர்ப்பு இலகு வழிகள்.'

"ஆயாம்மா கோழிக்கதையா எழுதியிருக்கீங்க?" என்றார் பேப்பரும் கையுமாக இருந்த வீரய்யா. வாசிகசாலையே சிரித்தது.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். தூங்காத பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளைத்தான் புத்தகமாகப் போட்டிருந்தாள். இங்கே அலுமாரியில் ஏறிவிட்டால் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் எடுத்துப் படிக்கும்.

"பிரஸ்காரர் அழகன் அண்ணந்தான் சார் போட்டாரு. நம்பர் இருந்தாத்தான் புத்தகம் புத்தகமாட்டம் இருக்கும்னாரு."

அந்தப் பதின்மூன்று இலக்கத்தையும் மாரியம்மன் முன்னால் மந்திரம்போலச் சொல்லிச் சொல்லி அவள் மனப்பாடமே பண்ணியிருந்தாள்.

"நம்பர் எண்டால் அலங்காரமோ? கொழும்புக்கு எழுதி எடுக்கவேணும். இன்டர்நெட்டில அடிச்சால் உலகத்தில எங்கயிருந்தாலும் உங்கட புத்தகம் வரவேணும். கோழி வரக்கூடாது! இது அலுமாரிக்கு ஏறாது, கொண்டு போங்கோ."

பூரணிக்குக் கண் கலங்கியது. 'தாயே' என்று மனதுக்குள் கூப்பிட்டாள்.

பரமலிங்கம் மேசையில் நிறுத்தி வைத்திருந்த தன் கவிதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"புத்தகம் எண்டால் இப்பிடி இருக்கவேணும். பாருங்கோ."

பூரணி பயபக்தியோடு வாங்கிப் புரட்டினாள். உள்ளே, அழகன் அச்சகம். பின்னட்டையில் நம்பர். அவள் விரல் இலக்கம் இலக்கமாக நகர்ந்து, கடைசியில் அப்படியே நின்றது.

"சார் புத்தகத்தையும் அடிச்சுப் பாப்போமே! எப்படி வருதுன்னு நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்," என்று எழுந்து வந்தார் வீரய்யா. "நம்பரை வாசிங்க ஆயாம்மா."

பரமலிங்கம் பெருமையாக விசைப்பலகையில் கை வைத்தார்.

பூரணி புத்தகத்தைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எழுத்து பொடிசா இருக்குங்க, எனக்குத் தெரியல. சார் கவிதைய நான் வீட்டுக்குக் கொண்டுபோயி படிச்சிட்டுத் தர்றேன்." இரண்டு புத்தகத்தையும் உமல்பைக்குள் போட்டாள். "தப்பு என்னோடதுதான். படிக்காதவ, மன்னிச்சிருங்க."

வீரய்யா முணுமுணுத்துக்கொண்டே பேப்பருக்குத் திரும்பினார்.

"இனியாவது கேட்டுச் செய்யுங்கோ," என்றார் பரமலிங்கம்.

பூரணி மேசைப் பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"கொழும்புக்கு எழுதுறப்ப ரெண்டு நம்பராக் கேட்டு எழுதுங்க சார். உங்க புத்தகத்துக்கும் இதே கோழிதாங்க வரும்."